இல்லாத தடிப்பும் இல்லாத சாய்வும்

அச்சுக்கூடத்திலே தடித்த எழுத்தோ சாய்ந்த எழுத்தோ இல்லையாயின், அச்சுக்கோப்பவர் இல்லையென்று வெளிப்படையாகவே கூறிவிடுவார். இணையப் பக்கத்தைத் திரையிற் காட்டும் உலாவியோ அங்ஙனம் கூறுவதில்லை. இல்லாததைத் தானே ஆக்கித் தந்துவிடும். அவ்வாறு ஆக்கப்படுவது யாது என்பதை ஈண்டு விளக்குவாம். விழா மலர்கள் இணையத்திலும் ஏறுகின்ற இக்காலத்தில், இது கணினி வல்லுநர்க்கு மட்டும் உரிய விடயமன்று.

சாய்ந்த எழுத்தென்பது நேரெழுத்தைச் சரித்து வைத்ததன்று. 1501 இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் வேர்ஜிலின் பாடல்களைச் சிறு நூலாக அச்சிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ என்பார் அக்காலக் கற்றோரின் கையெழுத்தைப் பின்பற்றிப் புதுவதாக ஓர் எழுத்தை வெட்டிக் கொடுத்தார். (அந்நூலிற் பெரிய எழுத்துகள் நிமிர்ந்தே நின்றன என்பது சுவையானதொரு செய்தி.) தடித்த எழுத்தும் அத்தன்மையதே. எழுத்தமைப்போர் கோட்டைப் பருமனாக்கும்போது சுழியினுள்ளே உள்ள வெள்ளிடம் அடைபடாதவாறு எழுத்தைச் சிறிது அகலிப்பர். கோடுகள் கூடுமிடத்தை மெலிவிப்பர்.

உலாவிக்கு இந்நுட்பம் தெரியாது. பழைய தட்டச்சுப்பொறியிலே ஒரு சொல்லைத் தடிப்பாக்க, தாளை மயிரிழையளவு நகர்த்தி மறுபடியும் அடித்தோமல்லவா? உலாவி செய்வதும் ஏறக்குறைய அதுவே. சாய்வு வேண்டுமெனின் எழுத்தின் தலையை வலப்புறம் சரித்துவிடும்.

இது நிகழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் பாணித்தாளிலேயே உள்ளது. பக்கத்தின் தோற்றத்தை விதிக்கும் அத்தாளிற் சாதாரண எழுத்தின் பருமன் 400 எனவும் தடித்ததன் பருமன் 700 எனவும் குறிக்கப்படும். 400 இற்குரிய எழுத்துருக் கோப்பை மட்டும் கொடுத்துத் தலைப்பைத் தடிப்பாக்கென்றால், உலாவி தானே தடிப்பாக்கும். இன்னுமொரு வழுவும் உண்டு. தடித்த கோப்பைக் கொடுத்தும் அதன் பருமனைக் குறிப்பிட மறந்தால், உலாவி அதனைச் சாதாரணமென்றே கொண்டு, தடிப்பின்மேல் மீண்டும் தடிப்பேற்றிவிடும்.

மறைந்த ஆசிரியர்களின் பெயர்ப்பட்டியலொன்றை இணையத்திலேற்றியபோது யாமே இவ்வழுவுக்கு ஆளானோம். கைத்தொலைபேசியின் சிறு திரையிலே ணகரத்தின் சுழிகள் மையுருண்டைகளாயின. மெய்யெழுத்தின் புள்ளி அடுத்துள்ள கோட்டோடு ஒட்டிக்கொண்டது. புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடுமன்றோ? எமக்கு எழுத்தறிவித்தவர்களின் பெயரையே பிழைபட வாசிக்கும் நிலையை யாமே உண்டாக்கியிருந்தோம். சாய்வெழுத்திலோ தமிழுக்குக் குறை மிகுதி. நோட்டோ சான்ஸ் தமிழ் என்னும் எழுத்துருவிலே பருமன்கள் 9 உள; சாய்வு ஒன்றேனும் இல்லை. அதிலே காணும் சாய்வெல்லாம் உலாவியின் கைவேலையே.

உண்மையான தடிப்பு அறவே கிடைக்காத எழுத்துருவை வேறு வழியின்றிப் பயன்படுத்துவோர், எழுத்தின் நிறத்திலேயே மெல்லிய நிழலையோ விளிம்புக் கோட்டையோ பாணித்தாளில் விதித்துத் தடிப்பைத் தாமே அளந்து போடலாம். பெருந் தலைப்புக்கு இது பொருந்தும், சிற்றெழுத்துக்கு ஆகாது. சாய்வுக்காகச் சொல்லைப் பெட்டியாக்கிச் சரிப்பதும் இயலுமாயினும், அத்தொடர் வரியோடு வரியாக மடிந்து ஓடாது. அதனை யாம் பரிந்துரையோம்.

உலாவியின் போலியாக்கத்தைத் தடுப்பதற்கு ‘ஃபொன்ற்-சிந்தெசிஸ்’ என்னும் விதியுண்டு. அதற்கு ‘நன்’, அதாவது ‘ஒன்றும் வேண்டா’ என்னும் மதிப்பைக் கொடுத்தால் உலாவி உள்ளதையே காட்டும். 2022 முதல் குரோம் உலாவியும் இதனை ஏற்கின்றது. ஆனால் உண்மைத் தடிப்புக் கோப்பைச் சேர்க்காது இவ்விதியை மட்டும் இட்டால் தலைப்பும் உரையும் ஒரே பருமனாய்த் தோன்றும். அதனையும் நோக்கிக்கொள்ளல் வேண்டும்.

எமது பட்டியலிற் கோப்பின் பருமனை 700 எனத் திருத்தி, போலியாக்கத்தைத் தடுத்து, ஆசிரியர்கள் இயற்றிய நூல்களின் பெயர்களைச் சாய்க்காது மேற்கோட்குறிக்குள் இட்டோம். ணகரம் கண்திறந்தது, புள்ளிகளும் தத்தம் இடத்தில் நின்றன.