மாவுக்கட்டுப் போட்ட காலோடு குடும்பச் சுற்றுலா



2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா பூங்கா திறந்ததிலிருந்து நம்ம மங்களூர் ஒன்றியத்துப் பிள்ளைகளும் அங்கே போகணும் என்கிறார்கள். அந்த நேரம் அம்மாவுக்குக் கால் முறிந்திருந்தால்? "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறோம். அப்பாவுக்கு முறிந்தால் மட்டும் பயணமே தள்ளிப்போகிறது!

மருத்துவர் சம்மதித்தால் நாமும் போகலாம். கட்டுப் போட்ட முதல் சில நாட்கள் வீக்கம் அதிகம், அப்போது வேண்டாம். வேக ராட்டினமும் தண்ணீர் விளையாட்டும் கூடாது. மாவுக்கட்டு நனைந்தால் இளகிவிடும். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்பே போனில் கேளுங்கள். உட்கார்ந்தே சுற்றிப் பார்க்க வண்டலூர் உயிரியல் பூங்காவில் பேட்டரி வண்டி உண்டு (செவ்வாய் விடுமுறை).

விருத்தாசலத்திலிருந்து ரயிலில் போனால் குலுக்கல் குறைவு. ஆனால் தற்காலிகக் காயத்துக்கு மாற்றுத்திறனாளி சலுகை டிக்கெட் கிடையாது.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கால்விரல்களை. காலை நெடுநேரம் தொங்கவிட்டால் வீங்கும். கட்டுக்குள்ளே வீக்கத்துக்கு இடமில்லை, ரத்த ஓட்டம் தடைப்படும். பையின் மேல் காலைத் தூக்கி வைத்து, விரல்களை அடிக்கடி ஆட்டுங்கள். விரல் நீலமாகவோ வெளுத்தோ போனால், சில்லிட்டால், மரத்தால், வலி ஏறிக்கொண்டே போனால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். புத்தூர் கட்டுக்கும் இதேதான். "பிள்ளைகள் ஆசையாக விளையாடுது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று பொறுத்திருந்தால் காலையே எடுக்க வேண்டிவரலாம்.

மருத்துவச் சீட்டையும் எக்ஸ்ரேவையும் மறக்காமல் பையில் வையுங்கள்.