ஹெரால்டு காரின் சாய்ந்த சக்கரங்கள்

முகூர்த்த மாதங்களில் காஞ்சிபுரம் காந்தி சாலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பட்டுக் கடை வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு காரிலிருந்தும் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். மணப்பெண், அவள் தாயார், அத்தை, பெரியம்மா, பணப்பையைக் கக்கத்தில் இடுக்கிய பெரியவர், மடியில் ஒரு குழந்தை. நால்வருக்கென்று செய்த வண்டியில் ஆறேழு பேர் வருவது நம் ஊரில் புதுமையல்ல. திரும்பும்போது புடவைக் கட்டுகளும் வெண்கலப் பாத்திரங்களும் கூட ஏறிக்கொள்ளும்.

இந்தப் பாரத்துக்கும் ஒரு காரின் பின்சக்கரங்களுக்கும் நடந்த வழக்கைத்தான் இப்போது காணப்போகிறோம்.

1960களில் நம் நாட்டில் விலைக்குக் கிடைத்த கார்கள் பெரும்பாலும் மூன்றே. கல்கத்தாப் பக்கத்து அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், நம் சென்னையின் ஸ்டாண்டர்டு. கடைசியாகச் சொன்னதைச் செய்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948இல் பிரிட்டிஷ் கூட்டுறவுடன் தோன்றிய இந்த நிறுவனத்தின் தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. அந்நாளில் வண்டலூர் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது; 1968 முதல் அம்மாவட்டத்தின் தலைநகரம் காஞ்சிபுரம். ஆகவே ஹெரால்டு காரைக் காஞ்சிபுரத்தார் தங்கள் மாவட்டத்துச் சரக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

1961இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு காரின் இந்தியப் பதிப்பு. இத்தாலியரான மிக்கெலோட்டி அதன் உருவத்தை வரைந்தார். 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். முன்மூடியும் பக்கத் தகடுகளும் ஒன்றாக இணைந்து, முதலை வாயைத் திறப்பதுபோல் முன்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். எஞ்சினைச் சுற்றி நான்கு பேர் நின்று வேலை செய்யலாம். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து ஸ்பானரைத் திருப்பலாம். குறுகிய தெருவில் ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். மெக்கானிக்குகள் விரும்ப வேண்டிய வண்டிதான். ஆனால் வண்டியின் பின்புறத்துக்குப் போனதும் அவர்களுடைய முகம் மாறிவிடும்.

அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே உறுதியான குழாய்க்குள் சுழலும் அச்சின் இரு முனைகளில் இருந்தன. நம் மாட்டுவண்டி அச்சின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெரால்டில் அப்படி இல்லை. சக்திப் பிரிப்பானை, அதாவது டிஃபரென்ஷியலை, சட்டத்தோடு போல்ட்டுப் போட்டு இறுக்கிவிட்டார்கள். அதன் இருபுறமும் ஒவ்வோர் அரையச்சு. டிஃபரென்ஷியலை ஒட்டி ஒரே ஒரு கிராஸ் மூட்டு. மறுமுனையில் சக்கரம். பறவை இறக்கை தோளிலிருந்து மேலும் கீழும் அசைவதுபோல் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஆடும். இரண்டுக்கும் சேர்த்து மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். ஊஞ்சல் அச்சு என்று சொல்லலாம். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது அதை அறியாது. பயணம் சுகமாக இருக்கும். அச்சின் எடை முழுதும் சக்கரத்தோடு குதிக்காது. நல்ல எண்ணத்தில் பிறந்த அமைப்புதான்.

குறை எங்கே? ஒரு பென்சிலை எடுத்து, அதன் நுனியில் ஒரு சிறு நாணயத்தைச் செங்குத்தாக ஒட்டுங்கள். பென்சிலின் மறுமுனையை விரலால் பிடித்துக்கொண்டு, நாணயம் உள்ள முனையை மேலே தூக்குங்கள். நாணயத்தின் தலை உங்கள் பக்கம் சாய்கிறது. அடிப்பாகம் வெளியே நகர்கிறது. ஹெரால்டின் பின்சக்கரத்துக்கு நேர்ந்ததும் இதுவே. அரையச்சுக்குச் செங்குத்தாகச் சக்கரம் பொருத்தப்பட்டிருப்பதால், அச்சு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு சக்கரமும் சாய வேண்டும். வேறு வழியே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரையச்சின் நீளம் 50 செ.மீ., சக்கரத்தின் ஆரம் 29 செ.மீ. என்று கொள்வோம். கல்யாணக் கூட்டம் ஏறியதும் வண்டி 5 செ.மீ. இறங்குகிறது. ஐந்தை ஐம்பதால் வகுத்தால் பத்தில் ஒரு பங்கு. கோணம் ஏறக்குறைய 6 பாகை. டயரின் அடி இரண்டரை சென்டிமீட்டருக்கும் சற்று மேல் வெளியே தள்ளப்படுகிறது. இரு பக்கமும் சேர்த்து, வண்டியின் காலடி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலமாகிவிடுகிறது. சாலை மேடுபள்ளமாக இருந்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் இந்த அகலல் குறைந்தும் கூடியும் வரும். அதாவது டயர் முன்னோக்கி உருள்வதோடு பக்கவாட்டிலும் தேய்கிறது. அதிலும் உள்விளிம்பின் மேல்தான் பாரம் முழுதும். வெளிவிளிம்பில் புதுக் கருக்கு அழியாமல் இருக்க, உள்விளிம்பில் நூல் தெரியும்.

இனி மெக்கானிக்கின் நிலையை எண்ணிப் பாருங்கள். காரின் சொந்தக்காரர் வருகிறார். "டயர் மாற்றி நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படித் தேய்ந்துவிட்டதே! அலைன்மெண்ட் சரியாகப் பார்த்தாயா, இல்லையா?" என்று கேட்கிறார். பார்த்தவன் என்ன சொல்வான்? முன்சக்கரத்தின் திசையைத் திருத்தலாம். பின்சக்கரத்தின் சாய்வைத் திருத்த அந்த வண்டியில் திருகு ஏதும் கிடையாது. அந்தக் கோணத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் மட்டுமே. நாள்பட நாள்பட பட்டைகள் தளர்ந்து வளைவை இழக்கும். அப்போது ஆளே ஏறாமல் நிற்கும்போதும் வண்டி கால் அகட்டி நிற்கும். பட்டையைக் கழற்றிக் கொல்லுப் பட்டறைக்கு அனுப்பி, அடித்து வளைவு ஏற்றி, மீண்டும் பூட்டுவார்கள். சில மாதம் நிமிர்ந்து ஓடும். பிறகு பழைய கதை. வேலை செய்தவன் கையில் குறையில்லை. குறை வரைபடத்தில் இருந்தது. ஆனால் வசவு வாங்குவது பட்டறைக்காரன்.

டயர் தேய்வது பணச் செலவு; அச்சு முறிவது உயிர்ச் செலவு. ஹெரால்டின் அரையச்சு எஞ்சினின் முறுக்கு விசையைச் சக்கரத்துக்குக் கொடுப்பதோடு நிற்பதில்லை. அதன் முனை பேரிங்கைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது; அந்த நீட்டலில்தான் சக்கரம். எனவே வளைக்கும் விசையையும் அதுவே தாங்க வேண்டும். அச்சு சுழலும்போது, இந்தக் கணம் கீழே இழுபடும் எஃகு, அரைச் சுற்றில் மேலே போய் அமுக்கப்படுகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 550 முறை சுற்றும். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வந்து சேர்வதற்குள் நாற்பதாயிரம் முறை அந்த எஃகு இழுபட்டும் அமுங்கியும் ஆகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்பது உங்களுக்குத் தெரியும். உலோகக் களைப்பு என்பது அதுதான். கூர்மையான வெட்டு எங்கே இருக்கிறதோ அங்கே விரிசல் பிறக்கும். அச்சின் கூம்பு முனையில் சாவி பொருத்த ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். விரிசலுக்கு அதைவிட வசதியான இடம் வேண்டுமா? முறிந்தால் சக்கரம் ஹப்போடு கழன்று தனி வழி போய்விடும்.

முன்கூட்டியே கழற்றிப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். கூம்பின் மேல் இறுகிப்போன அந்த ஹப்பைக் கழற்றுவது இலேசல்ல. சாதாரணப் புல்லரின் கால்கள் விரிந்து வழுக்கிவிடும். இதற்கென்றே செய்த கனமான புல்லர் வேண்டும். அது இல்லாத பட்டறையில் தீயும் சம்மட்டியும்தான் கருவி. அந்த அடியில் அச்சின் மரை நசுங்கும், கிராஸ் மூட்டின் ஊசி உருளைகள் சேதப்படும். ஒன்றைப் பார்க்கப் போய் மூன்றைக் கெடுத்த கதைதான்.

முன்பக்கத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. இதைச் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் இது மிக நுட்பமானது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் திருகு மரை வெட்டி, அதை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகியிருந்தார்கள். டிரன்னியன் என்று பெயர். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு இந்த மரையில் சிறிது திரும்பும். இதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. நம் பட்டறைகளில் வழக்கமாக இருப்பதோ கிரீஸ் துப்பாக்கி. மற்ற மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ்தானே, இதற்கும் அதுவே என்று அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் ஆயிலைப்போல் ஊறிப் பரவாது. காலப்போக்கில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மழைநீர் உள்ளே போகும், எஃகு துருப்பிடிக்கும், மரை இறுகும். ஸ்டீரிங் கனத்துவிட்டது என்ற புகார் முதலில் வரும். அதைப் பொருட்படுத்தாவிட்டால் ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மண்டியிடும். இதில் பழி யாருக்கு? கிரீஸ் அடித்தவனுக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் எந்த ஊர்ப் பட்டறையும் செய்யக்கூடிய இயல்பான ஒரு தவறு சக்கரத்தையே பறிக்கும்படி ஒரு மூட்டை அமைத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பதே என் எண்ணம்.

ஊஞ்சல் அச்சு ஹெரால்டுக்கு மட்டும் உரிய தொல்லையல்ல. எட்மண்ட் ரும்ப்ளர் 1903இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் 'வண்டு' காரில் நெடுநாள் இருந்தது. அமெரிக்காவின் செவ்ரோலே கோர்வேரில் வந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தைச் சாலை உள்ளே தள்ளும். வண்டியின் பின்பாகம் எழும்பி, சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயமே இந்தக் கோர்வேரைப் பற்றியதுதான். பிரிட்டனில் ஹெரால்டின் உறவான ஸ்பிட்ஃபயர் காரில், 1970இல் வந்த நான்காம் மாதிரியிலிருந்து, பட்டைகளில் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு மற்றவற்றை ஆடவிட்டார்கள். வளைவில் மடங்கும் தொல்லை அதனால் குறைந்தது.

வண்டலூர் தொழிற்சாலை வேறு வழியில் போனது. அங்கே வளைவு வேகத்தைவிடப் பாரமும் பள்ளமும் பட்டறையும்தான் பிரச்சினை. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் உருவத்தைத் திருத்தி 'கெசல்' என்ற நான்கு கதவுக் காரை வெளியிட்டபோது, ஊஞ்சல் அச்சைத் தூக்கி எறிந்துவிட்டு முழு அச்சைப் பொருத்தினார்கள். சொந்தக்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பழைய அமைப்பு பிடிக்கவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எஞ்சின் அதே 948தான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பின்னோக்கிய அடி. தனித்தனியாக ஆடும் சக்கரங்களை விட்டுவிட்டு மாட்டுவண்டித் தத்துவத்துக்குத் திரும்புவதா? ஆனால் வைகாசியில் வரதராசர் தேர் காஞ்சி வீதியில் வரும்போது பாருங்கள். எத்தனை பேர் மேலே ஏறினாலும் சக்கரம் நிமிர்ந்தே இருக்கும். இரண்டையும் ஒரே கட்டை அச்சு பிணைத்திருக்கிறதே! கெசலிலும் அப்படித்தான். ஆறு பேர் ஏறினாலும் ஸ்பிரிங் அமுங்கும், அச்சு சாயாது. டயர் தரையில் முழுப் பரப்பும் பதியும். கனமான அச்சும் சக்கரங்களோடு சேர்ந்து குதிப்பதால் குலுக்கல் சற்று அதிகம். ஒரு பக்கத்துப் பள்ளம் மறுபக்கச் சக்கரத்தையும் அசைக்கும். அந்த விலையைக் கொடுத்து, எந்த ஊர் மெக்கானிக்கும் அறிந்த ஓர் அமைப்பை வாங்கினார்கள்.

கெசலும் நெடுங்காலம் ஓடவில்லை. 1970களின் பிற்பகுதியில் நிறுவனம் கார் உற்பத்தியை நிறுத்தியது. 1985இல் ரோவரின் அழகிய உடலில் பழைய வேன்கார்டு வழிவந்த 1991 கன சென்டிமீட்டர் எஞ்சினை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. மூன்றாண்டுகளில் அதுவும் முடிந்தது. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. 2019க்குப் பின் வண்டலூர் மீண்டும் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது.

ஆனால் ஹெரால்டுகள் முற்றும் மறைந்துவிடவில்லை. பழைய கார்களின் அணிவகுப்பு எங்காவது நடந்தால் போய்ப் பாருங்கள். ஹெரால்டுக்குப் பின்னால் பத்தடி தள்ளி, குனிந்து, இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்து நோக்குங்கள். பிறகு இரண்டு நண்பர்களைப் பின் இருக்கையில் உட்காரச் சொல்லி மறுபடி பாருங்கள். சொந்தக்காரரிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்; டிரன்னியனுக்கு ஆயில் விடுகிறாரா, கிரீஸ் அடிக்கிறாரா என்பதையும் கேளுங்கள்.