ஹார்வி மில்லும் பி.ராமமூர்த்தியும்

மதுரா கோட்ஸ் என்ற பெயர் பிறகு வந்தது. பழைய மதுரைக்காரர் வாயில் இந்தப் பஞ்சாலை ஹார்வி மில்தான். இங்கே உழைத்த பஞ்சாலைத் தொழிலாளரிடையே சங்கம் வளர்த்தவர்களில் ஒருவர் பி.ராமமூர்த்தி (1908–1987). பிறப்பால் தஞ்சைப் பக்கம், அரசியலால் மதுரை.

கம்யூனிஸ்ட் தலைவர்கள் மீது போடப்பட்ட மதுரைச் சதி வழக்கில் தோழர்களோடு சிறையிலிருந்த அவர் வெளியே வந்தது 1947 ஆகஸ்ட் 14 அன்று. நாட்டுக்கு விடுதலை மறுநாள்தான்! சுதந்திர இந்தியாவும் அவரைச் சும்மா விடவில்லை. 1952 சட்டமன்றத் தேர்தலில் சிறையிலிருந்தபடியே மதுரை வடக்கில் வென்றார். நெய்வேலி நிலக்கரித் திட்டத்துக்காகவும் வாதாடினார். 1967இல் மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினர். 1970இல் கல்கத்தாவில் சிஐடியு தொழிற்சங்க அமைப்பு உருவானபோது, அதன் முதல் பொதுச்செயலாளர் அவரே.