விழுந்தவரைத் தேடி – 6: கயிறு இறங்கும் முன்

தஞ்சாவூரில் சுகோய் போர் விமானம் கிளம்பினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். 2020 ஜனவரி 20 அன்று விமானப்படையின் 222-ஆம் ஸ்குவாட்ரன் இங்கே வந்து சேர்ந்த புதிதில், நடவு வயலில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இப்போது உழவு டிராக்டருக்குப் பின்னால் புழு பொறுக்கும் மடையான்கூடத் தலை தூக்குவதில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: இருக்கையோடு எகிறிக் குதித்த விமானி நம் சேற்றில் வந்து விழுந்தால், முதலில் யார் போவார்?

போவதற்கென்றே ஆட்கள் உண்டு. எதிரியின் மண்ணில் விழுந்த விமானியை மீட்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். இந்தக் கலையின் பிள்ளையார் சுழி நம் எல்லை மலையில்தான் விழுந்தது. 1943 ஆகஸ்ட் 2 அன்று அசாமின் சாபுவாவிலிருந்து சீனாவுக்குப் போன அமெரிக்க விமானம் பழுதாகி, அதில் இருந்தவர்கள் நாகா மலைக் காட்டில் பாராசூட்டில் குதித்தார்கள். அவர்களில் எரிக் செவரெய்ட் என்ற வானொலி நிருபரும் இருந்தார். காயம்பட்டவர்களைப் பார்க்க டாக்டர் டான் ஃப்ளிக்கிங்கரும் இரண்டு மருத்துவ உதவியாளர்களும் அதே காட்டில் தாங்களும் குதித்தார்கள். திரும்பி வர வழி தெரியாமலே குதித்த மூன்று பேர்! அமெரிக்க விமானப்படையின் பாராமீட்புப் படை இதைத்தான் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் தலைவேட்டைக்காரர்கள் என்று வெள்ளைக்காரர்கள் நடுங்கிய நாகா மக்கள்தான் அவர்களுக்குச் சோறும் கூரையும் தந்தார்கள். மொகோக்சுங் வரை நடத்திக் கூட்டிவந்ததிலும் அவர்கள் கை உண்டு. படை வரலாற்றில் அவர்களுக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம்.

இதே கதை 1972-இல் வியட்நாமில் வேறு விதமாக நடந்தது. ஏப்ரல் 2 அன்று ஹாம்பிள்டன் என்ற 53 வயது அமெரிக்க விமானப்படை அதிகாரி கேம் லோ ஆற்றுப் பக்கம் விழுந்தார். மீட்கப் போன ஹெலிகாப்டர் ஒன்று ஏப்ரல் 6 அன்று சுடப்பட்டு, உள்ளே இருந்த 6 பேரும் இறந்தார்கள். அந்த ஒருவருக்காக மொத்தம் 11 பேர் உயிர் விட்டார்கள். ஆகாய வழி அடைபட்டது. அவரை ஆற்றங்கரைக்கு நடத்தியாக வேண்டும். ஆனால் ரேடியோவை எதிரி கேட்டுக்கொண்டிருக்கிறான். ஹாம்பிள்டன் கோல்ஃப் பைத்தியம். அவர் ஆடிய மைதானங்களின் குழிகளைப் பெயர் சொல்லி, அந்தத் திசையில் அவ்வளவு தூரம் நட என்றார்கள். நம்மூர்க்காரராக இருந்தால், "பெரிய கோயிலிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போற மாதிரி போ" என்றாலே போதும். எந்த ஒற்றனுக்கும் விளங்காது.

அமெரிக்கக் கடற்படையின் தாமஸ் நாரிஸும் வியட்நாமியரான நுயென் வான் கியெத்தும் மீனவர் வேஷத்தில் படகு தள்ளிப் போய் அவரைக் கண்டுபிடித்தார்கள். படகின் அடியில் படுக்க வைத்து, மேலே இலை தழையைப் பரப்பிக் கொண்டுவந்தார்கள். அத்தனை விமானங்களால் ஆகாதது, துடுப்பு போடத் தெரிந்த இரண்டு பேரால் ஆயிற்று.

இந்திய விமானப்படையில் இந்த வேலை கருடா கமாண்டோக்களுடையது. 2004-இல் தொடங்கிய படை. தளங்களைக் காப்பதோடு, விழுந்தவரைத் தேடி மீட்பதும் அவர்கள் பொறுப்பு. காட்டிலும் தண்ணீரிலும் பயிற்சி பெறுகிறார்கள். ஆனாலும் 2019 பிப்ரவரி 27 அன்று நம் திருப்பனமூர்க் குடும்பத்துப் பிள்ளையான விமானி அபிநந்தன், கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால் பாகிஸ்தான் பக்கம் 7 கிலோமீட்டரில் விழுந்தபோது எந்த ஹெலிகாப்டர் கயிறும் இறங்க நேரமில்லை. இது இந்தியாவா என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டார். ஆமாம் என்று ஏமாற்றினார்கள். அப்புறம் கல் வந்தது. குளத்தில் குதித்து, கையிலிருந்த காகிதங்களை வாயில் போட்டு மென்றார். மார்ச் 1 அன்றுதான் வாகா வழியாகத் திரும்பினார்.

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பினால் நம் ஒரத்தநாட்டு வயலுக்கு வர ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மடை திருப்ப வந்த யாரோ ஒருவர் மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு, முழங்கால் சேற்றில் ஓடி, பாராசூட் கயிற்றை அறுத்து, "தம்பி, அடி பட்டுச்சா?" என்று கேட்டிருப்பார். பிறகு ஹெலிகாப்டர் தாழப் பறந்து, அந்தக் காற்றில் அவருடைய சம்பா சாய்ந்துபோகும். அதற்கு நஷ்டஈடு கேட்டு அவர் எத்தனை ஆபீஸ் ஏற வேண்டியிருக்கும் என்பது தனித்தொடருக்கான விஷயம்.

(தொடரும்)