இரண்டு நகல், ஒரு குழப்பம்

இருபது பேர் வேலை செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தை எண்ணிப் பாருங்கள். கிடங்கில் 100 பேரிங்குகள் இருப்பதாக இருப்புக் கணக்கு சொல்கிறது. அதன் நகல் ஒன்றைத் தம் கணிப்பொறியில் வைத்திருக்கும் விற்பனையாளர், 30 விற்றுவிட்டு 70 என்று எழுதுகிறார். அதே வேளையில் கிடங்குப் பொறுப்பாளர் தம் நகலில், பட்டறைக்குக் கொடுத்த 20-ஐக் கழித்து 80 என்று எழுதுகிறார். கடைசியாக வந்த கணக்கே நிலைக்கிறது: 80. உண்மையில் இருப்பதோ 50! பிழை செய்தவர் யார்? ஒருவரும் இல்லை. நகல் இரண்டானதுதான் குற்றம்.

வலைவழிக் கூட்டுப்பணி இக்குறையை எவ்வாறு நீக்குகிறது? கணக்கு சர்வர் எனப்படும் மையக் கணிப்பொறியில் ஒன்றே ஒன்றாக இருக்கிறது. சேமிக்குந்தோறும் அதன் பதிப்பு எண் ஒன்று கூடுகிறது. 7ஆம் பதிப்பைத் திறந்தவர் திருத்தி முடிப்பதற்குள் வேறொருவர் 8ஆம் பதிப்பைச் சேமித்துவிட்டால், சர்வர் அவரைத் தடுத்து, புதிய எண்ணைக் காட்டுகிறது. பழைய பதிப்புகளும் அழிவதில்லை; தவறு நேர்ந்தால் திரும்பிச் செல்லலாம்.

படிப்பவரே பக்கத்தைத் திருத்தக்கூடிய 'விக்கி' என்னும் முறையை 1995இல் அமெரிக்கர் வார்டு கன்னிங்காம் தொடங்கினார். ஹவாய் மொழியில் இச்சொல்லுக்கு 'விரைவு' என்று பொருள்.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பலர் இரண்டே ஆண்டுகள் பணியாற்றிவிட்டுச் சென்றனர். அவர்கள் அறிந்தவையும் அவர்களோடு போயின. இவ்விழப்பைத் தடுக்க 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய திட்டமே இன்றைய உலகளாவிய வலைக்கு வித்து.

சிறு நிறுவனத்தில் இவ்விழப்பு இன்னும் கொடியது. பழைய கடைசல் இயந்திரம் எந்த வேகத்தில் அதிரும், எந்தத் திருகை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே ஒரு மூத்த தொழிலாளிக்குத்தான் தெரியும். அவர் ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் வாயிலைத் தாண்டிப் போய்விடும். அவர் சொல்லச் சொல்ல ஓர் இளைஞர் பொதுப் பக்கத்தில் எழுதி வைத்தால் அது நிறுவனத்தின் சொத்தாகிறது.

ஆனால் கருவியை வாங்கி வைத்தால் மட்டும் போதுமா? பாதிப் பேர் வலைப் பக்கத்திலும், மீதிப் பேர் பழைய நோட்டுப் புத்தகத்திலும் எழுதினால் என்ன ஆகும்? மீண்டும் நகல் இரண்டு. மீண்டும் 80-ஆ, 50-ஆ என்ற குழப்பம்! ஆகவே, ஒரே ஒரு கணக்கில் தொடங்குங்கள். அதில் முதலாளி உட்பட அனைவரும் எழுதட்டும். பழைய நோட்டை அன்றே மூடிவிடுங்கள்.