பெட்டியில் இல்லாத எண்

‘32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ், ஹை-ரெஸ்.’ கையடக்க மியூசிக் பிளேயர் வாங்கக் கடைக்குப் போனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பளிச்சிடுவது இதுதான். எண் பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறும். ஆனால் காதில் விழும் இசையை மாற்றக்கூடிய எண் வேறு ஒன்று இருக்கிறது. அதைப் பல பெட்டிகளில் அச்சிடுவதே இல்லை.

2022 மே மாதம் ஆப்பிள் ஐபாட் தயாரிப்பை முடித்துக்கொண்டபோது, தனி மியூசிக் பிளேயர்களின் காலமே முடிந்ததாகப் பலரும் நினைத்தார்கள். முடியவில்லை. சோனி, ஃபியோ, ஆஸ்டெல் அண்ட் கெர்ன் போன்ற நிறுவனங்களின் கருவிகள் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சங்கள் வரை விற்கின்றன. 2016-இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. கம்பியுள்ள இயர்போனில் கேட்க விரும்புகிறவர்களும், பாட்டின் நடுவே அழைப்பும் அறிவிப்பும் குறுக்கிடுவதை வெறுப்பவர்களும் தனிக் கருவியைத் தேடுவது இயல்புதான்.

முதலில் அந்தப் பெரிய எண்களைப் பார்த்துவிடுவோம். ஒலி அலையை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறார்கள் என்பதே கிலோஹெர்ட்ஸ் கணக்கு. ஓர் அதிர்வெண்ணைச் சிதையாமல் மீட்டெடுக்க, அதன் இரு மடங்குக்குச் சற்று மேலான வேகத்தில் அளந்தால் போதும். மனிதக் காதின் மேல் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும். ஆகவேதான் சி.டி.க்கு 44.1 கிலோஹெர்ட்ஸ் வைத்தார்கள். பிட் என்பது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சைச் சொல்கிறது. சி.டி.யின் 16 பிட் தரும் வீச்சு சுமார் 96 டெசிபல். பேருந்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு அதில் பாதிகூடப் பயன்படாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்தர இசைத்தட்டின் ஒலியை அப்படியே ஒரு முறையும், சி.டி. தரத்துக்கு இறக்கி இன்னொரு முறையும், எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முறை சோதித்ததில் சரியான விடை 276. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் கிட்டத்தட்ட இதே விடைதான் வரும். 24 பிட்டும் 96 கிலோஹெர்ட்ஸும் ஒலிப்பதிவுக்கூடத்தில் உண்மையிலேயே உதவும். ஒலியைக் கலந்து, ஏற்றி இறக்கிச் செப்பனிடும்போது அந்தக் கூடுதல் இடம் வேண்டும். கேட்பவருக்கு அது சுமை. ஐந்து நிமிடப் பாட்டு 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் சுருக்கப்படாமல் சுமார் 345 எம்.பி. இடத்தை அடைக்கும். அதே பாட்டு 320 கே.பி.பி.எஸ். எம்பி3 கோப்பில் 12 எம்.பி.தான். 1970-களின் திரைப்பாடல்களை ‘ஹை-ரெஸ்’ என்று விற்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவை காந்த நாடாவில் பதிவானவை. அந்த நாடாவின் இரைச்சலே 16 பிட்டின் எல்லைக்கு வெகு மேலே நிற்கிறது.

சரி, பெட்டியில் இல்லாத எண் எது? அவுட்புட் இம்பீடன்ஸ். பிளேயரின் வெளியீட்டுச் சுற்று தனக்குள் வைத்திருக்கும் மின்மறுப்பு அது. ஓம் கணக்கில் சொல்வார்கள். இயர்போனுக்கும் இம்பீடன்ஸ் உண்டு. சின்னச் சின்ன ஒலிப்பான்கள் பலவற்றைக் கொண்ட இயர்போன்களில் அது அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஓர் இயர்போன் ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேயரின் இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால், முதல் இடத்தில் மின்னழுத்தத்தில் 44 சதவீதம்தான் இயர்போனுக்குப் போய்ச் சேரும். இரண்டாவது இடத்தில் 80 சதவீதம். இரண்டுக்கும் வித்தியாசம் 5 டெசிபல். பயிற்சியில்லாத காதுக்கும் இது தெரியும்: வாத்தியம் ஒன்று முன்னால் துருத்தும், குரல் பின்னால் போகும். பிளேயரின் இம்பீடன்ஸ் 1 ஓம் என்றால் அதே வித்தியாசம் 0.8 டெசிபலுக்குச் சுருங்கிவிடும். இயர்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பிளேயரின் இம்பீடன்ஸ் போகக்கூடாது என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் விதி. 16 ஓம் இயர்போன் வைத்திருந்தால் 2 ஓமுக்குள் பாருங்கள்.

கடையில் இரண்டு பிளேயரை ஒப்பிடும்போது நம் காதே நம்மை ஏமாற்றும். ஒரே பாட்டைச் சற்றே உரக்க ஒலிக்கும் கருவி ‘தெளிவாக, நிறைவாக’ இருப்பதாகத் தோன்றும். ஒலி குறைவாக இருக்கும்போது காது அடித்தொனிகளைச் சரியாக வாங்காது என்பதை பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைபடமாகக் காட்டிவிட்டார்கள். ஆகவே உங்கள் சொந்த இயர்போனையும், மனப்பாடமான இரண்டு பாட்டுகளையும் கொண்டுபோங்கள். இரண்டு கருவிகளும் ஒரே அளவில் ஒலிக்கும்படி வைத்துக்கொண்டு, உடன் வந்தவரை மாற்றி மாற்றித் தரச் சொல்லிக் கண்ணை மூடிக் கேளுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு வெறுமனே கேட்பதும் முக்கியம். ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் வந்தால் அது ஒவ்வொரு பாட்டின் மெல்லிய இடத்திலும் கூடவே வரும்.

கர்நாடக இசைப் பிரியர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். கச்சேரி சி.டி.யில் ராகம், தானம், பல்லவி தனித்தனித் தடங்களாக இருக்கும். ஒலியோ விடாமல் ஓடும். எம்பி3 கோப்பு 1152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாகக் கட்டப்படுவதால் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்கிறது. இடைவெளியின்றி இசைக்கும் ‘கேப்லெஸ்’ வசதி உள்ள பிளேயர் அதை வெட்டிவிடும். இல்லாததில் தம்பூரா நடுவில் அறுந்து தொடரும். தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றையும் போட்டுப் பாருங்கள். மலிவான கருவிகள் பலவற்றில் பாட்டின் பெயருக்குப் பதில் கட்டங்கள் தெரியும், அல்லது கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும்.

புளூடூத் ஹெட்போனில் மட்டும் கேட்கப் போகிறவர் தனி பிளேயருக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் முடிவு. எண்ணை ஒலியலையாக மாற்றும் வேலையை அங்கே ஹெட்போனே செய்துகொள்கிறது. பிளேயருக்குள் இருக்கும் விலையுயர்ந்த சிப் சும்மா கிடக்கும்.

கடைசியாக, ‘500 மில்லிவாட் சக்தி’ என்ற விளம்பரம். சாதாரண இயர்போன் 1 மில்லிவாட்டிலேயே 100 டெசிபல் வரை ஒலிக்கும். 100 மில்லிவாட் கொடுத்தால் 120. 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவருக்குக் கூடுதல் திறன் தேவைப்படலாம். மற்றவர்களுக்கு அது காதுக்கு ஆபத்து. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்று எல்லை வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். குழந்தைகளுக்கான எல்லை 75 டெசிபல். பிள்ளைக்கு பிளேயர் வாங்குகிறீர்கள் என்றால், ஒலி அளவைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாத கருவியை வாங்காதீர்கள்.