கிண்ணியாவின் துறைகள்

ஊர் விரைந்து பெருகுங்கால் அதன் வழிகளும் உடன் பெருகுதல் வேண்டும். இன்றேல் மக்கள் உயிருக்கு ஊறு நேரும். கொட்டியாற்றுக் குடாவின் கரையில், மக்கள் நெருங்கி வாழும் கிண்ணியா இதற்குச் சான்றாகும்.

திருகோணமலை செல்வோர் நெடுங்காலம் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகையே நம்பியிருந்தனர். 2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டதும் அக்காத்திருப்பு ஒழிந்தது.

ஆயினும் குறிஞ்சாக்கேணித் துறையில் இடர் எஞ்சியிருந்தது. அங்கே புதிய பாலம் கட்டப்பட்டு வருகையில், மக்கள் படகிலேயே நீரைக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆம் நாட் காலையில் அப்படகு கவிழ்ந்தது. பாடசாலைச் சிறார் உட்பட அறுவர் அன்றே மாண்டனர்.

பாலம் எழும்வரை மக்கள் எவ்வாறு கடப்பர் என்பதும் பாலத் திட்டத்தின் பகுதியே ஆகும். படகு தாங்கும் ஆட்கணக்கு, உயிர்காப்பு அங்கி, அன்றாட மேற்பார்வை ஆகியன அடிக்கல் நாட்டும் நாளிலேயே அமைதல் வேண்டும்.